நோட்டீஸ் படகு

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் சத்தம் மத்தியான வெயிலோடு வாசல்வரை வருகிறது. பொன்ராஜைத் தேடிக் கடலுக்குப் போன படகுகள் பன்னிரண்டாம் நாளான இன்று காலை வெறுமனே திரும்பிவிட்டன. இனிப் போவதாக இல்லை. அவன் படம் போட்ட 'காணவில்லை' நோட்டீஸ் கட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள் பெண்டாட்டி நீலா. பால்வாடியில் படகு மடிக்கக் கற்றுவந்த மகள் அம்மு, அதில் ஒன்றை உருவி மடிக்கிறாள். "இன்னாம்மா, இப்டி மடிச்சா நைனா அடியில பூட்றாரு." "திருப்பி மடி. மேல வருவாரு." கன்னத்தில் கோடு விழுந்து, படகின் ஓரத்தில் சிரிக்கிறான் பொன்ராஜ். "இன்னொன்னு எடுத்துக்கட்டா? நாளிக்குக் கம்பத்துல ஒட்ட வோணாமா?" கிண்ணத்தில் மைதாப் பசை ஆடை கட்டிக் கிடக்கிறது. நீலா நோட்டீஸ் கட்டை அப்படியே தூக்கி மகள் பக்கம் வைக்கிறாள். "எல்லாத்தயும் மடி."