சின்ன மேசை

அம்மா இரண்டு மேசைகளுக்கும் சேர்த்து ஒரே விரிப்பைப் போட்டாள். நடுவில் இருக்கும் இடைவெளி விருந்தாளிகளின் கண்ணில் படாது. எங்கள் கண்ணில் படாமல் எங்கே போகும்?

பெரிய மேசையில் அம்மாவும் அண்ணன்களும். சின்ன மேசையில் அப்பாவும் நானும்.

அப்பா சபையிலிருந்து விலக்கப்பட்டவர். மோட்டார் வண்டியே வைத்துக்கொள்ளக் கூடாது, குதிரை வண்டிதான் என்கிற எங்கள் சபையில் இருந்துகொண்டு, ஆசைப்பட்டு ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். அதை விற்றுவிட்டுச் சபை முன் மண்டியிட்டால் தீர்ந்தது. மாட்டேன் என்று வருடக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அம்மாவும்தான். எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் பெறாதவள் நான் ஒருத்திதான்.

என் வயதுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமே முடிந்துவிட்டது. "லொவீனாவுக்கு ஊர் சுத்துற ஆசை இன்னும் அடங்கலடி" என்று கிண்டல் செய்வார்கள். நான் சுற்றியதெல்லாம் இந்தச் சின்ன மேசையைத்தான்.

ஞானஸ்நானம் இல்லாமல் எங்களில் கல்யாணம் கிடையாது. ஹார்வி எனக்காகப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். அவனுக்காக இந்தக் கோடையில் நானும் ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்தேன். நாளை காலை என் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்று மதியம் பிஷப் எங்களைக் கடைசியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஞானஸ்நானம் வேண்டாம் என்று திரும்பிப் போக நினைப்பவர்கள் இன்றே போய்விடலாம் என்றார்.

அங்கிருந்து நேராக வந்து சாப்பிட உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கான வெள்ளை ஏப்ரனை அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துச் சுவரில் மாட்டியிருந்தாள்.

அப்பா ரொட்டியில் ஆப்பிள் ஜாம் தடவினார். எனக்குப் பிடித்த மாதிரி ஓரம் வரைக்கும். நான் கையை நீட்டினேன்.

அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீயே எடுத்துக்கம்மா. நாளையிலேர்ந்து இப்படித்தானே. இன்னைக்கே பழகிக்குவோம்."

நீட்டிய கையை மடக்காமல், அம்மா காதில் விழாதபடி சொன்னேன்.

"கையிலயே குடுங்கப்பா. நான் மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அப்பா பெரிய மேசையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ரொட்டியை ஒரு விரலால் என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.