திருட்டுக் கொப்பு

“கேட்டா குடுக்க மாட்டேனா? ரிட்டயர் ஆன வயசுல மதில் எட்டிப் பறிக்கணுமா, சார்?” வேதவல்லி கத்தினாள். கணவன் இறந்த மூன்று வருடத்தில் அவள் குரல் தெருவுக்குக் கேட்டது அன்றுதான்.

“கேட்டு வாங்கினா துளிர்க்காதுங்க. திருடித்தான் நடணும்,” என்றார் பக்கத்து வீட்டுச் சபாபதி. தனிக்கட்டை. குரோட்டன்ஸ் கொப்பைக் கீழே போடவுமில்லை.

மறுநாளிலிருந்து பங்குனி முழுக்க, மதில்மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். ஜன்னல் திரை மட்டும் ஆடும். நான் வேவு பார்க்கவில்லை; எதிர்வீடு, கண்ணில் பட்டது. அவர் வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பதினோரு தொட்டி சேர்ந்தது.

ஆவணியில் கல்யாணம். தோட்டம் வைத்த வீடாகப் பார்த்து ஓசூருக்குக் குடிபோனார்கள்.

கிளம்பும்போது, “உங்களுக்கும் ஒரு கொப்பு தரட்டுமாக்கா?” என்றாள்.

வேண்டாமென்றேன். என் பின்கட்டுத் தொட்டியில் ஏற்கெனவே மூன்று இலை விட்டிருந்தது.