உள்ளங்கையில் ஒரு புள்ளி

குண்டூசி குத்தினால் அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருப்பீர்கள்? கொம்பையா ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. பாலைவனத்து ஆலையில், பழைய இரும்பை நசுக்கும் பிரஸ்ஸுக்கு அன்று மாதாந்திர சர்வீஸ். எண்ணெய் மாற்றி, சிலிண்டருக்குப் புது சீல் போட்டு, பம்பை ஓடவிட்டான். எண்ணெய் போகும் ஹோஸ் எங்காவது கசிகிறதா என்று வலது உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனபோது சுருக்கென்றது. கையை உதறிவிட்டு, பம்பை நிறுத்தி, அந்த ஹோஸையும் மாற்றினான். இருந்த அலுப்பில் வேறொன்றும் தோன்றவில்லை.

கூட வேலை பார்க்கும் செல்லப்பாண்டி அண்ணன்தான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"எலேய், அட்டைய வச்சுல்லா கசிவு பாக்கணும்? இங்க கெடந்த அட்டை எங்க?"

"ஊருக்குச் சாமான் கட்ட எடுத்துட்டேன்ணே."

"நல்லா கட்டுன போ. அந்த அழுத்தத்துல எண்ணெய் தோலுக்குள்ள போயிருக்கும்லே. போன வருசம் அந்த நேபாளிக்கும் இத்தனூண்டு புள்ளிதான். ரெண்டு வெரல எடுத்தாவ. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"போனா படுக்க வச்சிருவான்ணே. நாளன்னைக்கு பிளைட்டு. மூணு வருசம் கழிச்சுக் கெடச்ச லீவு. புள்ளைய இன்னும் நேர்ல பாக்கல." விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினான். "வலியே இல்ல, பாருங்க."

"மொதல்ல வலிக்காதுலே. அதத்தான் சொல்லுதேன்."

மறுநாள் காலை கொம்பையா ஊருக்குப் போகும் லீவு பாரத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டான்.