ஏழாம் தெருக் குழாய்

அலுவலகக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: படிப்பு வட்டத் தலைவர் மாசிலாமணி, செயலாளர் கோதைநாயகி, விசாரணைக்கு உரிய இருசப்பன். ஏழாம் தெருக் குழாயின் துருப்பிடித்த வால்வை அவன் யாரையும் கேட்காமல் மாற்றிவிட்டான். தாகம் முற்றினால்தான் மக்கள் எழுவார்கள், அது வரலாற்றின் விதி, நடுவில் கைவைக்கக் கூடாது என்பது வட்டத்தின் கட்டுப்பாடு.

"வால்வு மாத்தினா யுகம் மாறிடுமா?" என்றார் தலைவர்.

"யுகம் மாறாது தோழர். தண்ணி வரும். வரலைன்னா கழட்டிட்டு வேற போடுவேன்."

"இந்தக் கட்டத்துல வரவே வராது. உன்னை நீக்குறோம்."

பதினொரு வருடமாக இருசப்பனுக்குச் சிநேகிதர்கள் என்றால் இவர்கள்தான்.

கோதைநாயகி பேனாவை மூடினாள். "என்ன நடந்தா நாம சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க தோழர்?"

அங்கே யாரும் கேட்டிராத கேள்வி. தலைவர் ஜன்னல் வழியே குழாயைப் பார்த்தார். "தண்ணி வந்தா."

ஐந்து மணிக்கு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வெளியே குடங்கள் மோதின, பெண்கள் சிரித்தார்கள். தலைவர் வெறுங்காலோடு ஓடிப்போய்க் குழாயடியில் தலையை நீட்டினார். "வருதுய்யா இருசப்பா, ஜில்லுனு வருது."

பிறகு நெற்றி சுருங்கியது. "ஆனா ஒரு விதத்துல பாத்தா, இதுவும் விதிப்படி..." என்று அலுவலகத்தை நோக்கித் திரும்பினார்.

அவர் வந்து விளக்கம் எழுதுவதற்குள் கோதைநாயகி இருசப்பனை வெளியே தள்ளி, தானும் வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.