நோட்டுப் பார்த்துப் பாடுகிறவள்

"இதை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. சொல்லிட்டேன்!"

காந்திமதி டீச்சரின் பாட்டு நோட்டை, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார் யக்ஞநாராயணன். கிழக்குத் தாம்பரம் ராம நவமி உற்சவக் கமிட்டியின் காரியதரிசி அவர். தனக்குச் சங்கீத ஞானம் அபாரம் என்று அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"பதினோரு வருஷமா இந்த மேடையில பாடறேள். முன்னெல்லாம் ஒழுங்காத்தானே இருந்தேள்? இப்ப ரெண்டு வருஷமா என்ன புதுசா, பரீட்சையில பிட் அடிக்கிற மாதிரி நோட்டைப் பார்த்துண்டு? ஜனங்க சிரிக்கறா!"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பாட்டு டீச்சர் என்று பெயர்; எதிரே அட்டை கிழிந்த ஒரு நோட்டு. பக்தி பொங்கிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். ஆனால் சரணத்துக்குச் சரணம் விரல் மட்டும் டாணென்று பக்கத்தைத் திருப்பும். என்ன பக்தியோ, என்ன பகட்டோ!

"நோட்டு இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றாள் டீச்சர். "காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. ராமனுக்குப் பாடிட்டுத்தான் சாப்பிடுவேன். வருஷத்துல எனக்கு இந்த ஒரு நாள்தான் சார் மேடை."

"ராமனா கேட்டான் நோட்டை? நோட்டா, மேடையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

டீச்சர் திரும்பி அபிதாவைப் பார்த்தாள். அபிதகுஜாம்பாள், காரியதரிசியின் ஒரே பெண். பத்தாவது முடித்ததிலிருந்து டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்புரா மீட்டிக்கொண்டே கூடப் பாடுகிறவள். அவள் தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அப்ப நான் பாடலை சார்" என்றாள் டீச்சர்.

இதற்காகத்தானே மனுஷர் காத்திருந்தார்! நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தட்டினார்.

"பேஷ்! இன்னிக்கு என் பொண்ணு தனியாப் பாடுவா. நோட்டு கீட்டு எதுவும் இல்லாம!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தனியாவா? வேண்டாம் சார். இந்த வருஷம் வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க."

"பார்த்தீரா ஞானையா, வயித்தெரிச்சலை?" என்றார் காரியதரிசி, பம்மலிலிருந்து வந்திருந்த வயலின்காரரிடம். "சிஷ்யை மேலே வந்தா குருவுக்குப் பொறுக்கலை!"

ஞானையா சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கச்சேரி முடிந்து ரயிலைப் பிடிக்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. நீர்மோர் டம்ளரும் விசிறியுமாக முன்வரிசை முழுக்கப் பட்டுப்புடவைகள். காரியதரிசியே மைக்கைப் பிடித்தார்.

"இன்னிக்கு ஒரு சின்ன மாறுதல். நோட்டைப் பார்த்துப் பாடற கச்சேரியைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்துப் போயிருக்கும். இன்னிக்கு அசல் வித்வத்தைக் கேளுங்கோ. செல்வி அபிதகுஜாம்பாள்!"

பந்தலே சிரித்தது. சில தலைகள் கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கே டீச்சர் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காவது போய்த் தொலைந்திருக்கலாம்.

அபிதா பல்லவியை எடுத்தாள். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. காரியதரிசி முன்வரிசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மறுபடி பல்லவி. வயலின் திருப்பி வாசித்தது. மறுபடியும் பல்லவி. ஆறாவது தடவையும் பல்லவியே வந்தபோது பட்டுப்புடவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அபிதாவின் கண் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த ஜமக்காளத்தையே பார்த்தது. அப்புறம் குரலும் நின்றது. தம்புரா மட்டும் சற்று நேரம் ரீங்காரம் போட்டு அதுவும் ஓய்ந்தது.

"பாடேண்டி! அனுபல்லவி, அனுபல்லவி!" மேடை ஓரத்திலிருந்து காரியதரிசி பல்லைக் கடித்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அனுபல்லவி எழுந்தது.

காந்திமதி டீச்சர் எழுந்து நின்று, கை கூப்பி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். மைக் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் காணாத தொண்டை வேறு. ஞானையாவின் வில் ஒரு துள்ளுத் துள்ளி அவளோடு சேர்ந்துகொண்டது. முதல் சரணம், இரண்டாவது சரணம், மூன்றாவது சரணம். ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. சிரித்த ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

காரியதரிசி மேடைமேல் ஏறி மகள் பக்கத்தில் குனிந்தார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"ஏண்டி, நோட்டு என் கக்கத்துல இருக்கு. இதைப் பார்க்காம அவ எப்படிடி பாடறா?"

அபிதா அழுதுகொண்டிருந்தாள். எதிரே மைக் இருப்பதுகூட அவளுக்கு நினைவில்லை. அவள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது.

"அந்த நோட்டு எனக்குப்பா!"