துரைசானிக்குத் தமிழ்

நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுத்திருக்கீங்களா? மைசூர்ல மரியராஜ் அந்தக் கோடை முழுக்க மிஷன் துரைசானிக்கு அப்படித்தான் தமிழ் சொல்லிக் கொடுத்தான். பாடம் சொல்ற முன்ஷிக்கு நாற்காலி கிடையாது. பங்களாவுக்குள்ளயும் விடமாட்டாங்க. குதிரை லாயத்தை ஒட்டின தகரக் கொட்டகையிலதான் பாடம்.

ஒரு நாள் வீங்கின காலோட வீட்டுக்கு வந்தான். அவன் பெண்டாட்டி ஹில்டா, மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரம்மா. அவதான் வெந்நீர் ஊத்தினா.

"நாளையிலேருந்து போகமாட்டேன், ஹில்டா. மயக்கமா வந்துச்சுன்னு தூணைப் பிடிச்சேன். 'நேரா நில்லு'ங்கிறா."

"அந்தம்மா தமிழ்ப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போங்க."

"நீ வந்து நின்னு பாரு, தெரியும்."

"நானா? எனக்குத்தான் பள்ளிக்கூடத்துல நாற்காலி இருக்கே"ன்னு சிரிச்சா.

பத்து நாளும் போனான். துரைசானி பாஸ் பண்ணிட்டா. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், மரியராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான்.

"அந்தம்மா எதுக்குத் தமிழ் படிச்சாங்கன்னு இன்னைக்குத்தான் சொன்னாங்க, ஹில்டா. உன் வகுப்பை இனிமே அவங்களே எடுப்பாங்களாம்."

"தெரியும். ஈஸ்டர் முடிஞ்சதுமே எனக்கு இனிமே வேலை இல்லைன்னு கடுதாசி கொடுத்துட்டாங்க."

"தெரிஞ்சுமாடி என்னை அனுப்பினே?"

"சொன்னா நீங்க போயிருப்பீங்களா? நீங்க போகலைன்னா வேற முன்ஷி போயிருப்பான். எப்படியும் போற வேலை. லீவுல எனக்கும் சம்பளம் இல்ல. புள்ளைங்க சாப்பிட வேணாமா?"

மறுநாள் காலையில ஹில்டா பள்ளிக்கூடத்துக்குப் போனா. வகுப்புப் புள்ளைங்க பேரை ஒவ்வொண்ணா துரைசானிக்குச் சொல்லிட்டு, ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துட்டா.