முதல் முக்காலி

விற்பனைப் பெண்களுக்கு இருக்கை தராத ஜவுளிக்கடையில், பதினோரு வருடமாக நின்றே சேலை விரிக்கும் அமலோற்பவம் ஞாயிறுதோறும் வெல்டிங் வகுப்புக்குப் போனாள். முதல் பயிற்சி முக்காலி. இரண்டு கால்களிலும் பற்றவைத்த கோடு கோணியது.

"வெல்டிங் கண்ணாடிக்குள்ள கண்ண மூடிக்கிறீங்கம்மா. கோடே காட்டிக் குடுக்குது" என்றார் வாத்தியார்.

மூன்றாவது காலுக்குக் கண்ணை மூடவில்லை. கண்ணாடியின் பச்சை இருட்டில் இரும்பு சிறு குளமாக உருகி, வெல்டிங் ராடின் பின்னாலேயே வந்தது. சுத்தியலால் தட்டியதும் மேலே படிந்த கசடு ஒரே பட்டையாகக் கழன்றது; கோடு நேராக இருந்தது.

வாத்தியார் உட்கார்ந்து சோதிக்க வந்தார்.

"நான்தான் சார் மொதல்ல உட்காரணும்" என்றவள், உட்காராமல் அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை கடையில் சேலை அடுக்குக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்தார்.

பக்கத்தில் நின்று சேலை விரித்துக்கொண்டிருந்த நசீமா குனிந்து கேட்டாள்: "அக்கா, அந்த வெல்டிங் கிளாஸ் எங்க நடக்குது?"